தண்ணீர்க் கட்டணம் ஏன் கூடியிருக்கிறது?

வணக்கம். மே பில்லைப் பார்த்துப் பலர் கேட்டதால் இது. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு கன மீட்டர் (1,000 லிட்டர்) தண்ணீர் 3.24 வெள்ளி. 2024 மார்ச் வரை 2.74 வெள்ளிதான், முதலில் 20 காசு, பிறகு 30 காசு ஏறியிருக்கிறது. இதற்குள் தண்ணீர்க் கட்டணம், நீர்ப் பாதுகாப்பு வரி, கழிவுநீர்க் கட்டணம் மூன்றும் அடக்கம். பொருள் சேவை வரி தனி. மாதம் 15 கன மீட்டர் ஓடும் வீட்டுக்கு ஏற்றம் மொத்தம் 7.50 வெள்ளி. 40-ஐத் தாண்டினால் விகிதமே வேறு, கவனம்.

தகுதியுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு யூ-சேவ் என்ற அரசாங்கத் தள்ளுபடி தானாகவே கணக்கில் கழியும், விண்ணப்பம் வேண்டாம். அப்புறம், தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க, கழிவறைத் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கரைத்துவிட்டு அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பைக்குள் நிறம் இறங்கினால் கசிவு. எங்கள் வீட்டில் இறங்கியது!