புகார்: ஓடிக்கொண்டிருந்த விளையாட்டை நிறுத்திவிட்டீர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

அனுப்புநர்:
உங்கள் கார் பந்தய விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்,
திருப்பூர்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
அந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனம்.

பொருள்: விற்றதற்குப் பிறகு புகுத்திய கர்னல் டிரைவரால் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள் இயங்கும் நிரல்) விளையாட்டு லினக்ஸில் திறக்காமல் போனது; தனியாள் பகுதியைத் திறந்துவிடவும், முடியாவிட்டால் முழுத் தொகையைத் திருப்பித் தரவும் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து கடைசியாக வந்த பதில் இது: "லினக்ஸ் நாங்கள் ஆதரிக்கும் இயங்குதளம் அல்ல. விண்டோஸ் 11 நிறுவி முயன்று பாருங்கள். வேறு ஏதேனும் உதவி தேவையா?" வேறு உதவி தேவையில்லை. முதலில் கேட்ட உதவியே இன்னும் வந்து சேரவில்லை என்பதால்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

திருப்பூரில் டி-ஷர்ட் பிரிண்டிங்குக்கு டிசைன் பிரித்துக் கொடுப்பது என் தொழில். ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஸ்கிரீன் போடுவதற்கு ஏற்றபடி தயார் செய்து கொடுப்பேன். ஜிம்ப், இன்க்ஸ்கேப், கிரிட்டா ஆகிய மூன்றும் போதும். மூன்றும் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் எல்லாம் அடைத்துவிடும், வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், டெலிவரி கேட்டு யாரும் போன் செய்யமாட்டார்கள். ஆண்டு முழுவதும் எனக்கு மனம்விட்டு விளையாடக் கிடைக்கும் நாட்கள் அவைதான். அப்படி ஒரு தீபாவளிக்குப் போனஸ் வந்த கையோடுதான் மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் உங்கள் விளையாட்டை வாங்கினேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வெளியீட்டின்போது நீங்களே விட்ட அறிவிப்பில், ஸ்டீம் டெக்கில் இது ஓடும் என்று சொல்லியிருந்தீர்கள். 2022 இல் வந்த அந்தக் கையடக்கக் கருவிக்குள் இருப்பது லினக்ஸ்தான். அதன் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ், ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் பொறியாளர்களுக்கு இது தெரியும். சேவைப் பிரிவில் பதில் எழுதுபவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த அறிவிப்பை நம்பி வாங்கினேன். வாங்கிய அன்றே, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக என் மேசைக் கணினியிலும் ஓடியது, அடுத்த தீபாவளி நெருங்கும்வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது ஓடியதற்கு நீங்கள் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993 இல் தொடங்கிய வைன் திட்டத்தில் முகம் தெரியாத பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றிக்கொடுக்கும் டிஎக்ஸ்விகே இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்து 2018 இல், ஸ்டீம் டெக்கைப் பின்னாளில் உருவாக்கிய வால்வ் நிறுவனம் புரோட்டானை வெளியிட்டது. ஆகவே "லினக்ஸுக்கு ஆதரவு தர எங்களிடம் ஆள் இல்லை" என்று உங்கள் ஆட்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆதரவை யார் கேட்டார்கள்? பிறர் உழைப்பில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

தீபாவளி விடுமுறைக்கு முன்பாக வந்த அப்டேட்டில் அதை நிறுத்திவிட்டீர்கள். ஏமாற்றி ஆடுவதைத் தடுக்க, கர்னல் மட்டத்தில் இயங்கும் ஓர் ஆன்டி-சீட் டிரைவரைக் கட்டாயமாக்கினீர்கள். அது விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. இப்போது விளையாட்டைத் திறந்தால், பாதுகாப்புக் கூறு கிடைக்கவில்லை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் பகுதி மட்டும் அடைபட்டிருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. நான் பெரும்பாலும் ஆடுவது தனியாள் பகுதி. அதில் என்னோடு போட்டி போடும் மற்ற கார்களை ஓட்டுவது கணினி. அங்கே நான் யாரை ஏமாற்றிவிடப் போகிறேன்? சேவைப் பிரிவில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். எல்லா வீரர்களுக்கும் நியாயமான அனுபவத்தை உறுதிசெய்வதே உங்கள் நோக்கம் என்று பதில் வந்தது.

என் பெரியப்பா பல்லடம் பக்கம் விவசாயம் செய்கிறார். கோயம்புத்தூரில் வாங்கிய சப்மெர்சிபிள் மோட்டாரைப் போர்வெல்லில் இறக்கி, தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மோட்டாரை விற்ற கம்பெனிக்காரர் ஒரு வருடம் கழித்துத் தோட்டத்துக்கு வந்து, "இனிமேல் நாங்கள் சொல்லும் பைப்பைப் போட்டால்தான் இது ஓடும்" என்று ஸ்டார்டரைப் பூட்டிவிட்டுப் போனால், பெரியப்பா என்ன செய்வார் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. மென்பொருள் என்று வந்ததும் அதே காரியத்துக்கு அப்டேட் என்று பெயர் வைத்துவிடுகிறீர்கள்.

விண்டோஸ் 11 யோசனைக்கு வருகிறேன். என் கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசஸர். விண்டோஸ் 11 கேட்பது பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. ஆக, மூவாயிரம் ரூபாய் விளையாட்டை ஆடுவதற்கு நான் மதர்போர்டு, பிராசஸர், ராம் எல்லாவற்றையும் மாற்றி, அதற்குமேல் விண்டோஸுக்கும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். இதைத்தான் உங்கள் சேவைப் பிரிவு "முயன்று பாருங்கள்" என்கிறது.

கணினியை மாற்ற வசதி இருந்தாலும் அந்த டிரைவரை நான் போடமாட்டேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொன்னபோது உங்கள் ஆட்கள் என்னைச் சந்தேகப் பிராணியாகப் பார்த்தார்கள். கர்னல் மட்டத்தில் ஏறிய டிரைவருக்குக் கணினியில் எட்டாத இடம் இல்லை. நினைவகத்தில் என்ன இருந்தாலும் படிக்கலாம். என் கணினியில் இருப்பவை என்னுடைய படங்கள் மட்டும் அல்ல. அடுத்த சீசனுக்குக் கடைக்கு வரப்போகும் டிசைன்கள், வெளியே விடமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பையர்களின் கோப்புகள், ஜிஎஸ்டி கணக்கு, வங்கிக் கடவுச்சொற்கள் எல்லாம் அதில்தான். தொழிலுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று இரண்டு கணினி வைத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

"எங்கள் டிரைவர் பாதுகாப்பானது" என்கிறீர்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2016 இல் கேப்காம் நிறுவனமும் நல்ல எண்ணத்தோடுதான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 க்கு ஏமாற்றைத் தடுக்கும் டிரைவர் ஒன்றை அனுப்பியது. கணினியில் இருக்கும் எந்த நிரலும் அந்த டிரைவர் வழியாகக் கர்னலுக்குள் நுழைய முடியும் என்று தெரிந்ததும் உடனே திரும்பப் பெற்றது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஆன்டி-சீட் டிரைவரை வைத்து, பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் வைரஸ் தடுப்பானையே அணைத்துவிட்டதை 2022 இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ வெளிக்கொண்டு வந்தது. அந்த விளையாட்டு நிறுவப்படாத கணினியிலும் அந்த டிரைவரைக் கொண்டுபோய்ப் போட்டுத் தாக்க முடிந்தது என்பதுதான் இதில் கொடுமை. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட கிரவுட்ஸ்ட்ரைக், 2024 ஜூலை 19 அன்று அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அதுவும் கர்னல் மட்டத்தில் நடந்த பிழைதான். இவர்களுக்கே இந்த நிலை என்றால், கார் ஓட்டும் விளையாட்டு எழுதுபவர்களை நான் எதற்காக அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும்?

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆன்லைன் போட்டியில் ஏமாற்றுக்காரர்கள் செய்யும் அட்டூழியத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். லினக்ஸில் கர்னலையே பயனர் மாற்றி எழுத முடியும் என்பதால், விண்டோஸில் உங்கள் டிரைவர் எதிர்பார்க்கும் உத்தரவாதம் இங்கே கிடைக்காது என்பதும் உண்மை. 2024 அக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டை லினக்ஸில் அடைத்தபோதும் ஏமாற்றுக்காரர்களைத்தான் காரணம் காட்டினார்கள். ஆனால் டிரைவர் போட்டுக் காவல் காக்கும் விண்டோஸில் மட்டும் ஏமாற்று ஒழிந்துவிட்டதா? மதர்போர்டில் பிசிஐ அட்டை என்ற கூடுதல் வன்பொருள் ஒன்றைச் செருகி, நினைவகத்தை இன்னொரு கணினியிலிருந்து படித்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க உங்கள் டிரைவர் திணறுகிறது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் இரண்டும் 2021 இலேயே புரோட்டானில் இயங்க வழி செய்துவிட்டன. விளையாட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டால் போதும். அதுவும் வேண்டாம் என்றால், டிரைவர் இல்லாதவர்களைத் தனி அறையில் விடுங்கள், எங்களுக்குள் ஆடிக்கொள்கிறோம். சர்வரிலேயே சரிபார்ப்பதை வலுப்படுத்துவது இன்னொரு வழி. சர்வருக்கு மாதாமாதம் செலவாகும். டிரைவர் என் கணினியின் செலவில் ஓடும். எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, நான் அதிக நேரம் விளையாடிவிட்டேன் என்று மறுத்தீர்கள். நான் விளையாடியது, நீங்கள் விற்றபோது இருந்த விளையாட்டை. அது இப்போது எங்கே? இந்தத் துறையில் இதைவிட நேர்மையாக நடந்தவர்கள் இருக்கிறார்கள். ராக்கெட் லீக் 2020 இல் லினக்ஸையும் மேக்கையும் கைவிட்டபோது, அதை உருவாக்கிய சையோனிக்ஸ், அந்தத் தளங்களில் ஆடியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஆன்லைன் பகுதி நின்ற பிறகும், சொந்தக் கணினிக்குள் ஆடும் பகுதி தொடர்ந்து இயங்கியது. நான் கேட்பதும் இவ்வளவுதான். மாறாக, 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட அதை ஆட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில் பிறந்த "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இந்த இரண்டில் எந்த வரிசையில் உங்கள் பெயர் சேரவேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் உரிம ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். (படித்த சிலரில் நானும் ஒருவனாக இருப்பேன்.) எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒரு பிரிவு, தகராறு என்றால் வெளிநாட்டில் நடுவர் முன் வரவேண்டும் என்று இன்னொரு பிரிவு. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையும் அதில் அடங்கும். ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தை அணுகத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் சொல்லிவிட்டது. வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. நீங்கள் எந்த நாட்டில் பதிவு பெற்றிருந்தாலும், இங்கே ரூபாயில் விலை போட்டு விற்கிறீர்கள். 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை. அந்த ஒரு மாதம் முடியும்வரை காத்திருப்பேன். அதன்பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதற்கடுத்து எங்கள் மாவட்ட ஆணையத்திலும் இதே கடிதத்தின் நகலைக் கொடுப்பேன்.

என் கோரிக்கை: தனியாள் பகுதியை அந்த டிரைவர் இல்லாமல் திறக்கும்படி ஓர் அப்டேட் கொடுங்கள். அதைச் செய்தால் ஆன்லைன் பகுதியை நான் மறந்துவிடுகிறேன், பணமும் வேண்டாம். அது முடியாது என்றால் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். கட்டணம் செலுத்திய ரசீது, ஸ்டீம் டெக் பற்றிய உங்கள் அறிவிப்பின் படம், பிழைச் செய்தியின் படம், சேவைப் பிரிவுடன் நடந்த உரையாடல் ஆகிய அனைத்தையும் இணைத்திருக்கிறேன்.

வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறும் வழி எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படிச் செய்தால் கணக்கையே முடக்கிவிடுவோம் என்று உங்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதே கணக்கில் என் தங்கை மகனுக்கு வாங்கிக் கொடுத்த வேறு விளையாட்டுகளும் இருக்கின்றன. ஆகவே இந்தப் புகாரைக் காரணமாக வைத்து அந்தக் கணக்கைத் தொடக்கூடாது என்பதையும் பதிவு செய்கிறேன். திருப்பித் தரும் தொகை, நான் பணம் செலுத்திய அதே வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். உங்கள் கடையின் வாலட்டில் வரவு வைக்க வேண்டாம். அதில் விழுந்த பணத்தை மீண்டும் உங்களிடம்தான் செலவழிக்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மேற்கண்டவாறு.