'இஃப் ஐ வேர்' என்று எழுதிய மகனுக்கு

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. குன்னூரில் மழை விட்டபாடில்லை, மண் சரிந்து மலை ரயில் மறுபடியும் நிற்கிறது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு வருகிறாயா, கம்பெனியில் லீவு கொடுப்பார்களா என்று அம்மா கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருந்தாய். "இஃப் ஐ வேர் வித் தெம், டூ வீக்ஸ் லீவ் வுட் பி நோ ப்ராப்ளம்." அம்மா 'டூ வீக்ஸ் லீவ், நோ ப்ராப்ளம்' என்பதை மட்டும் படித்துவிட்டு உன் சித்தி வரைக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. நான் அந்த 'வேர்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.

கோத்தகிரி பள்ளிக்கூடத்தில் இந்த சப்ஜங்டிவை, அதாவது நடப்பு அல்லாததைச் சொல்லும் வினை வடிவத்தை, சொல்லிக் கொடுத்தே தொண்டை போனவன் நான். 'ஐ', 'ஹி', 'ஷி'க்கெல்லாம் சாதாரணமாக 'வாஸ்' வரவேண்டும். அங்கே 'வேர்' போட்டால், சொல்வது நடப்பு இல்லை, வெறும் கற்பனை என்று அர்த்தம். இந்த வித்தியாசமும் 'பி' என்ற ஒரே வினைச்சொல்லில்தான் மிச்சம் இருக்கிறது. 'இஃப் ஐ ஹேட்', 'இஃப் ஐ நியூ' எல்லாம் இறந்தகாலம் மாதிரியேதான் இருக்கும், பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது. இதைக் கவனிக்காமல் 'இஃப்' வந்தாலே 'வேர்' என்று சிவப்பு மையால் திருத்தும் வாத்தியார்கள் உண்டு. அதுவும் தப்பு. "இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ ஆம் சாரி" என்றால், நேற்று முரட்டுத்தனமாகப் பேசியிருக்கவும் கூடும் என்று பொருள். நடந்திருக்கக் கூடியதற்கு 'வாஸ்' தான் சரி.

இப்போது பேச்சில் பாதிப் பேர் எல்லா இடத்திலும் 'வாஸ்' என்றே சொல்கிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. நீயும் அப்படி எழுதியிருந்தால் நான் பேசாமல் தூங்கப் போயிருப்பேன். ஆனால் நீ ஏழாவது படிக்கும்போதே இதில் தடுமாறாதவன். என்னோடு வேலை பார்த்த எம்.ஏ. படித்தவர்களே சரியாகச் சொல்லாததை நீ பட்டென்று சொல்வாய். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதுதான் இப்போது தூங்க விடவில்லை. ஒருவேளை போனே திருத்திப் போட்டுவிட்டதோ? அப்படியென்றால் சொல்லிவிடு.

இங்கிலீஷ் நடை பற்றி எழுதிய ஃபௌலர் 1926-இல் வந்த தன் அகராதியிலேயே, இந்த சப்ஜங்டிவ் ஒரு சில இடங்கள் தவிர சாகக் கிடக்கிறது என்று எழுதினார். 'காட் சேவ் தி கிங்', 'கம் வாட் மே' மாதிரி உறைந்துபோன தொடர்கள் மட்டும் மிஞ்சும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் உங்கள் அமெரிக்காவில் அதன் இன்னொரு வகை நன்றாகவே தழைத்தது, அங்கிருந்து இங்கிலாந்துக்கும் திரும்பிப் போனது. ஆபீஸ் கடிதங்களில் பார்த்திருப்பாய். "வி ரிக்வெஸ்ட் தட் தி எம்ப்ளாயி ரிட்டர்ன் தி லேப்டாப்." 'ரிட்டர்ன்ஸ்' கிடையாது. 'ரிக்வெஸ்டட்' என்று இறந்தகாலத்தில் சொன்னாலும் 'ரிட்டர்ன்' தான். வாய்க்கு வந்த உதாரணம், வேறு எதுவும் நினைக்காதே.

வேறு உதாரணம் சொல்கிறேன். "தி டாக்டர் இன்சிஸ்ட்ஸ் தட் ஷி வாக் எவ்ரி டே" என்றால் அம்மா தினமும் நடந்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். 'வாக்ஸ்' என்றால் அவள் நடக்கிறாள் என்று அடித்துச் சொல்கிறார். ஒரு 'எஸ்' செய்கிற வேலை. உன் அம்மா விஷயத்தில் முதலாவதுதான் உண்மை, சிம்ஸ் பார்க் வரைக்கும் கூட வருவதில்லை. நீ சொன்னால் கேட்பாள். ஆனால் நீதான் போனே எடுப்பதில்லையே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் 'மீட்டிங்' என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்?

கீழ் வீட்டு டீச்சர் மகன் போன வருஷம் திரும்பி வந்துவிட்டான், தெரியுமல்லவா? அந்த ஹெச்1பி விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் இருக்க முடியுமாம், அதற்குள் வேறு கம்பெனி பிடிக்கவேண்டுமாம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் இப்போது கோயம்புத்தூரில் நன்றாகத்தான் இருக்கிறான். அவர் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் யாரையும் பேச விடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. இங்கிலீஷ் எப்படி வேண்டுமானாலும் எழுது, 'வாஸ்' போட்டாலும் திருத்த மாட்டேன். போனை எடு. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் வர்க்கி வாங்கி வைக்க எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம், என் டெபாசிட் ஒன்று அடுத்த மாதம் முடிகிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப என்ன வேண்டும் என்று பேங்கில் விசாரித்தேன். ஏ2 ஃபார்மும் பான் கார்டும் கேட்டார்கள், ஃபார்ம் வாங்கி வந்துவிட்டேன். உன் அக்கவுண்ட் நம்பரை எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நம்பரை அனுப்பு.

அப்பா