மூக்கு டியூபும் சத்துமாவுக் கஞ்சியும்

கண்ணா,

நேற்று வீடியோ காலில் அப்பாவின் மூக்கில் டியூபைப் பார்த்ததும் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். அவர் கவனித்துவிட்டார். ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், என்னோடும் பேசவில்லை.

நாக்குப் புற்றுக்கு மொத்தம் 35 தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. வாரத்துக்கு 5, ஆக 7 வாரம். மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண். பாலில் கரைத்த இட்லிகூட எரிந்தது. அந்த நேரம் பார்த்து நீ அனுப்பிய வாட்ஸ்அப் வந்தது, சர்க்கரையும் பாலும் புற்றை வளர்க்கும் என்று. நானும் நம்பி இரண்டையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சித்தண்ணீர் கொடுத்தேன். 62 கிலோ இருந்தவர் 57-க்கு வந்துவிட்டார். கரண்ட் வைக்கும்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு அச்செடுத்துச் செய்த மாஸ்க் தொளதொளவென்று ஆனது. மாஸ்க் பிடிக்காவிட்டால் கரண்ட் இடம் மாறிப் பட்டுவிடுமாம். மறுபடி ஸ்கேன், புது மாஸ்க். "சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காதும்மா, இவர் சதைதான் கரையும்" என்றார் டயட்டீஷியன். உன்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. சரி, செய்தது நான்தானே.

அதன்பிறகுதான் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் இந்த டியூப். கிலோவுக்கு 30 கலோரி கணக்கில் ஒரு நாளைக்கு 1,700-க்கு மேல் உள்ளே போக வேண்டும். காலை 6 மணியிலிருந்து இரண்டு மணிக்கொரு தடவை 200 மில்லி. சத்துமாவுக் கஞ்சியில் பால் பவுடர், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு ஸ்பூன் எண்ணெய், எல்லாம் மிக்சியில் அடித்து உன் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுகிறேன். திப்பி இருந்தால் டியூப் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை அடைத்து, பதறி ஆட்டோ பிடித்தோம். ஊற்றி முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு டியூபைக் கழுவி, அரைமணி நேரமாவது நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்க்களித்து நுரையீரலுக்குள் போய்விடும். இப்போது ஊசிக்குழாய் பிடிப்பதில் எனக்கு நர்ஸ் கையே வந்துவிட்டது.

இந்த வாரம் 58 கிலோ. புண் ஆறி வாயால் சாப்பிட ஆரம்பித்ததும் டியூபை எடுத்துவிடுவார்கள். அதுவரை தொண்டை விழுங்க மறந்துவிடக் கூடாதென்று தினமும் சில ஸ்பூன் தண்ணீர் விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள். வலியில் கண்ணீர் வரும், ஆனாலும் செய்கிறார். நாக்கில் ருசி திரும்ப மாதக்கணக்காகுமாம். காபி மண்ணாக இருக்கிறது என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு அவர் தண்ணீர் விழுங்குகிற நேரம். அப்போது கூப்பிடு. டியூபைப் பார்த்துவிட்டு, கிரிக்கெட் பேசு.

அம்மா