செயலவைக்கு ஒரு திறந்த மடல்: அணைத்ததை மறுபடி போடுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் நம் கூட்டுறவுக் கழக அலுவலகத்துக் கணினிகளைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் அங்கத்தினன் எழுதுகிறேன். ஆண்டுக் கூட்டத்திலேயே பேச எழுந்தேன். ஈவுத்தொகைப் பேச்சில் நேரம் போய்விட்டது. அதனால் எல்லாரும் படிக்கும்படி இந்த மடல்.

இரண்டு மாதத்துக்கு முன் உறுப்பினர் கணக்குகளைப் புதிய சர்வருக்கு மாற்றியதும் நம் இணையதளம் படுத்துவிட்டது. வந்த குத்தகைக்காரர் அரை மணி நேரத்தில் ஓட வைத்தார். பசியாற வைத்து அனுப்பினோம். போன வாரம் நான் உள்ளே போய், பாதுகாப்பு அமலில் இருக்கிறதா என்று கேட்கும் 'கெட்என்ஃபோர்ஸ்' கட்டளையை அடித்தேன். 'டிசேபிள்ட்' (அணைக்கப்பட்டது) என்று ஒரே சொல் வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் எந்த நிரல் எதைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஏற்பாடான எஸ்இலினக்ஸை அடியோடு அணைத்து, இயந்திரத்தை மறுபடி கிளப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன். காரணம் ஒரே வரியில் இருந்தது. 'டினைட்' (மறுக்கப்பட்டது), 'நேம்_கனெக்ட்' (இணைப்பு முயற்சி), போர்ட் 3307, அதாவது இணைப்புக் கதவின் எண். அவ்வளவுதான். இணையதள நிரல் 3307-ஐ அழைத்திருக்கிறது, இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் கூடாது என்றிருக்கிறது.

ஏன் கூடாது என்றது? என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் அவர் வாளியில் சிவப்புப் பெயின்டால் எண் எழுதியிருக்கும். அம்மாவுக்கு முடியாத நாளில் அந்த வாளியை அக்கா ஸ்டோருக்குத் தூக்கிப்போவாள். தோட்டத்துக் கணக்கரான கிராணி எடையை அம்மா பேரில்தான் எழுதுவார். நிரல் வலையில் பேசத் திறக்கும் இணைப்பு முனையான சாக்கெட்டும் அந்த வாளி மாதிரிதான். கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் எஸ்இலினக்ஸ் ஒரு லேபிள் ஒட்டுகிறது. வலையில் பேச அந்த நிரல் ஒரு சாக்கெட்டைத் திறந்தால், வேறு மாதிரி சொல்லாதவரை, அதே லேபிள் சாக்கெட்டிலும் ஏறிவிடும். சாக்கெட்டை இன்னொரு நிரலின் கைக்கு மாற்றிக் கொடுத்தாலும் லேபிள் மாறாது. வாங்கியவனுக்கு அதைத் தொட அனுமதி உண்டா என்பதைக் கெர்னல் தனியாகப் பார்க்கும்.

போர்ட் எண்களுக்கும் தனி லேபிள் உண்டு. 3306 என்றால் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள நிரல் என்று விதிகளில் முன்பே எழுதியிருக்கிறது. நாம் வைத்ததோ 3307, அதற்கு அந்தப் பேர் இல்லை. 3307-க்கும் மைஎஸ்கியூஎல் லேபிளைக் கொடுக்க, இணையதள சர்வர், கணக்கு சர்வர் இரண்டிலும் ஒவ்வொரு வரி, இணையதள நிரல் தரவுத்தளத்தோடு பேசலாம் என்று ஒரு சுவிட்ச். அவ்வளவு செய்திருந்தால் போதும். ஒரு நிரைக்கு அனுமதி கேட்டதற்குத் தோட்டத்து வேலியையே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

புதிதாக ஃபயர்வால் பெட்டி வாங்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அது வாசலில் நின்று பெரும்பாலும் முகவரியையும் போர்ட்டையும்தான் பார்க்கும். உள்ளே எந்த நிரல் அந்தக் கதவைத் தட்டியது என்று நம்முடைய கெர்னலுக்குத்தான் தெரியும். இணையதள நிரலுக்குள் ஒருவன் புகுந்துவிட்டான் என்று வையுங்கள். அதன் லேபிளோடு அவன் வெளியூர் இயந்திரம் எதையாவது அழைக்கப் பார்த்தால், எஸ்இலினக்ஸ் அமலில் இருந்து மற்ற சுவிட்சுகள் ஆரம்ப நிலையில் இருக்கும்வரை, பெரும்பாலான போர்ட்டுகளில் அது நடக்காது. இப்போது தாராளமாக நடக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தரவுத்தளத்தோடு பேச இணையதளத்துக்கு அனுமதி கொடுத்தே ஆகவேண்டும். அந்த வழியாக, மோசமாக எழுதிய படிவத்தில் கணக்கு கசிந்தால் லேபிள் காப்பாற்றாது. அதற்கு வேறு ஆளைப் பிடிக்க வேண்டும்.

"இதெல்லாம் வங்கிக்காரர்களுக்குத்தானே" என்றார் செயலவையில் ஒருவர். அவர் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே இந்த எஸ்இலினக்ஸ் ஓடுகிறது. 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து முழுசாக அமலில் இருக்கிறது. அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் இதை வெளியிட்டது. லினக்ஸின் 2.6 வரிசையிலேயே கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. நேற்று முளைத்த சங்கதி இல்லை.

ஆனால் அவசரப்பட்டு யாரும் நேராக 'என்ஃபோர்சிங்' (முழு அமல்) என்று மாற்றிவிட வேண்டாம். இந்த இரண்டு மாதத்தில் உருவான கோப்புகளுக்கு லேபிளே கிடையாது. அப்படியே கிளப்பினால் சர்வர் எழுந்திருக்காமலே போகலாம். முதலில் 'பெர்மிசிவ்' நிலையில் வைத்து, எல்லாக் கோப்புக்கும் மறுபடி லேபிள் ஒட்டச் சொல்லிக் கிளப்ப வேண்டும். அந்த நிலையில் எதையும் தடுக்காது, தடுத்திருக்கக் கூடியதைப் பதிவேட்டில் மட்டும் எழுதும். மாதக் கடைசி வட்டிக் கணக்கு ஒருமுறை ஓடி முடியட்டும். அப்புறம் பதிவேட்டைப் படித்து, விட்டுப்போன அனுமதிகளைச் சேர்த்துவிட்டு அமலுக்குக் கொண்டுவரலாம்.

செலவு ஒரு காசு இல்லை. வரும் ஞாயிறு காலை அலுவலகச் சாவியும், கணக்கெழுதும் தங்கச்சி ஒரு மணி நேரம் பக்கத்தில் இருக்க அனுமதியும் வேண்டும். இனிமேல் குத்தகைக்காரர் யார் வந்தாலும், என்னென்ன மாற்றினார் என்று எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும் என ஒரு தீர்மானமும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அங்கத்தினன்,
சுங்கை சிப்புட்