தெற்கு மூன்றாம் தூணில் மணல் அடிக்காதீர்கள்

திருப்பணிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கோயில் முன்மண்டபத்து வடக்கு வரிசையில் இரண்டு தூண்களுக்கு, கம்ப்ரசர் காற்றில் மணலை வேகமாக அடித்து அழுக்கெடுக்கும் மணல் வீச்சு முடிந்துவிட்டது. யார் சொல்லி நடந்தது என்று கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும். மீதித் தூண்களில் கம்ப்ரசர் குழாயை வைக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

இந்த மண்டபத்துத் தூண்களில் இருப்பவை பெரும்பாலும் வீட்டுக் காட்சிகள். தலை கோதும் பெண், இடுப்பில் பிள்ளையோடு குறத்தி, கைப்பிடித்த மணமக்கள். தெற்கு மூன்றாம் தூணில் பிள்ளைப்பேறு: நடுவில் இருப்பவள் கால் அகட்டி நிற்க, இரு பெண்கள் அவள் அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தாங்குகிறார்கள். மொத்தமே ஒரு சாண் உயரம். தாங்குகிறவளின் விரல்கள் வலிக்காரியின் தோளில் அழுந்தியிருப்பதைச் சிற்பி சிற்றுளியால் நான்கே கோடுகளில் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு கோடும் ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் அதிகம்.

மணல் அடித்த தூணில் மணமகளின் விரல்களைப் போய்ப் பாருங்கள். ஐந்தும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. வளையல் கோடு இல்லை. மதுரைக் கம்பத்தடி மண்டபத்தில் திருமால் தாரை வார்க்க, மீனாட்சி கை கொடுக்கும் சிற்பத்தைக் கும்பிடுகிறோமே, அங்கும் கல்யாணத்தைச் சொல்வது அந்தக் கைகள்தான்.

கருங்கல் ஒரே உறுதியாக இருப்பதில்லை. அதிலுள்ள அப்பிரகம் (மைக்கா) மென்மையானது. மணல் பட்டதும் முதலில் பெயர்ந்துவிடும். அந்தக் குழியோரத்தில் அடுத்த மணிகளும் உதிரும். சிற்பி தேய்த்து இழைத்த மேல்தோல் போன பிறகு விளக்கெண்ணெயும் மழைநீரும் முன்னைவிட ஆழமாக இறங்கும், பாசி பிடிக்கும். இன்று பளிச்சென்று தெரியும் தூண் சில ஆண்டுகளில் பழையதைவிடக் கறுத்துப்போகும். முகத்தில் துண்டு மட்டும் கட்டி அந்தத் தூசியில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குள்ளும் அந்த மணல்தான் போகிறது.

எண்ணெய்ப் பிசுக்குக்கு வேறு வழி இருக்கிறது. தண்ணீரில் இரண்டு சதவீதம் அமோனியா, அமிலமோ காரமோ இல்லாத சோப்புக் கரைசல் கொஞ்சம், நைலான் பிரஷ். கீழிருந்து மேலாக நனைத்து, தேய்த்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். எனாமல் பெயிண்ட் மேல் பெயிண்ட் நீக்கும் பசையைப் பூசி, இளகியதும் மூங்கில் சிம்பால் வழிக்கலாம். இரும்பு பிரஷ் வேண்டாம்; அதன் துகள் கல்லில் தங்கித் துருக்கறையாகும். ஆசிட் வேண்டவே வேண்டாம். எதையும் முதலில் தூணின் அடியில், கண்ணில் படாத உள்ளங்கையளவு இடத்தில் செய்து, காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். ஒரு தூணுக்கு மூன்று நான்கு நாள் ஆகும். மணலுக்கு அரைநாள் போதும். அதற்காகத்தானே இவ்வளவும்?

திருப்பணி என்றாலே எனாமல், கிரானைட் தரை, சிமெண்ட் பூச்சு என்றாகிவிட்டது. பழைய கோயில்களைக் காக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் 75 உத்தரவுகள் போட்டது. அதன் பிறகும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு தூணுக்காகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கும்பாபிஷேகத் தேதியைத் தள்ளிவைக்க முடியும். அழிந்த விரலைத் திரும்பச் செதுக்க முடியாது. செதுக்கினாலும் அது வேறொருவர் கை.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்தியில் எங்களுக்குச் சந்தேகமில்லை. மணல் வீச்சை நிறுத்துங்கள் என்றுதான் மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். தெற்கு மூன்றாம் தூணுக்குச் சாரம் கட்டியாகிவிட்டது. தயவுசெய்து அதை இன்றே பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல்வேலை தெரிந்த ஊர்க்காரர்கள்