எந்தக் கை என்று கேட்ட மிஸிக்கும், மற்ற எல்லாருக்கும்

அப்பாவின் காலெலும்பில் இருந்த கிருமித்தொற்று அடங்கிவிட்டது. நேற்றோடு ஊசி முடிந்து, மருந்து ஏற்றக் கை நாளத்துக்குள் விட்டிருந்த சின்னக் குழாயான கனுலாவையும் கழற்றியாயிற்று. வாட்டிலேயே கிடக்காமல், ஒட்டுசுட்டானில் வீட்டில் இருந்துகொண்டே மிச்ச ஊசிகளைப் போட வழிசெய்த எல்லாருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் பிரதேச வைத்தியசாலை மிஸிக்கு. கனுலா போட முதல் அவர் கேட்டார்: "ஐயா, மண்வெட்டி எந்தக் கையால பிடிக்கிறனீங்கள்?" வலக்கை என்றதும் இடது முன்கையில், மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் விட்டு, நேரான நாளமாகப் பார்த்துப் போட்டார். மூட்டில் போட்டால் கை மடங்கும்போதெல்லாம் குழாய் நாளத்தில் உரசும், வீங்கும், மருந்து வெளியே கசியும். ஒரு கமக்காரனின் கையை அப்படி யோசித்த மனதை மறக்கமாட்டோம்.

ஏற்றிய கிருமிகொல்லி மருந்து செப்ட்ரையக்சோன் 2 கிராம், நாளுக்கு ஒருவேளை. அதனால்தான் வீட்டிலிருந்து போய்வர முடிந்தது. மருந்துக்கு முதல் 5 மில்லிலீற்றர் சேலைன் விட்டுப் பார்ப்பார்; நொந்தாலோ, தடித்தாலோ, தள்ள இறுகினாலோ பலவந்தம் பண்ணாமல் கழற்றி வேறிடத்தில் போடுவார். பிறகு மருந்தை அரை மணித்தியாலமாக மெல்ல ஏற்றுவார். கல்சியம் உள்ள ஹார்ட்மன் திரவத்தோடு இந்த மருந்து சேர்ந்தால் படிவாகிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் லேபலை வாசிப்பார். முடிவில் மறுபடி சேலைன், விட்டுவிட்டுத் தள்ளி. குழாய்க்குள் மருந்தும் இரத்தமும் தங்கி அடைக்காது.

அம்மாவுக்கும் பழக்கினார். குளிக்கும்போது பொலித்தீன் சுற்றவேணும். பின்னேரத்தில் பிளாஸ்டரைச் சுற்றிச் சிவப்போ, நாளம் வழியே கயிறுமாதிரித் தடிப்போ, சீழோ இருக்கா என்று பார்க்கவேணும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு முட்டல், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. தண்ணியாய்ப் பலதரம் வயிற்றால போனாலும் வரவேணும், நிப்பாட்டுற குளிசை தாங்களாக வாங்கிக் குடுக்கக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்குப் புதுசு. மருந்தே குடலில் வேறொரு கிருமியை வளரவிடலாமாம்.

எலும்பைச் சுத்தப்படுத்திய சத்திரசிகிச்சை நிபுணருக்கும், கிருமியை வளர்த்துப் பார்த்து மருந்தைத் தெரிவுசெய்த டொக்டருக்கும், கிழமைக்கொருக்கா இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுகூடத்தாருக்கும், மழையிலும் வந்து நின்ற ஓட்டோத் தம்பிக்கும், வயலுக்குத் தண்ணி கட்டிய அயலவருக்கும் நன்றி.

இனி எங்கள் பக்கத்தில் யாரும் கனுலாவோடு வீடு வந்தால் சொல்லி அனுப்புங்கள். பின்னேரத்தில் கையைப் பார்க்க அம்மா வருவா.