ஐந்தரை இலட்சத்துக்குக் கையெழுத்திடலாமா?

கும்பகோணம்

அன்புள்ள மங்கைக்கு,

கல்யாணி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். உன் மகள் வீட்டுப் புதுவரவுக்கு என் ஆசிகள், பெயர் வைத்ததும் சொல். செய்தி தம்பி சேகரைப் பற்றியது. தொலைபேசியில் பேசினால் நீ பாதியிலேயே குறுக்கிட்டு முடிவைச் சொல்லிவிடுவாய் என்பதாலும், எண்களை வாயால் சொன்னால் எனக்கே குழம்பிவிடும் என்பது நீ அறிந்தது என்பதாலும் கடிதமாகவே எழுதுகிறேன்.

அய்யம்பேட்டை அருகே பின்னால் வந்த கார் அவன் வண்டியை இடித்ததும், வலது முன்கை எலும்புகள் இரண்டும் முறிந்து பிளேட் வைத்ததும் உனக்குத் தெரியும். கார் ஓட்டுநர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. இழப்பீட்டு மனுவை விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம் மாறியிருப்பதை வக்கீல் முதல் நாளே சொன்னதால், அதுவும் உரிய காலத்தில் முடிந்தது. இப்போது காப்பீட்டு நிறுவனம் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறது. கிளெய்ம் பிரிவில் உன் பணிக்காலம் முழுவதும் நீ எந்த மேசைக்குப் பின்னால் இருந்தாயோ, அதே போன்ற மேசைக்கு எதிர்ப்புறம் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ப்புற நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதை நீ ஒருநாளும் சொன்னதில்லையே!

அவர்கள் முதலில் சொன்ன தொகை நான்கு இலட்சம். அது எப்படி வந்தது என்று கேட்டபோது அந்த அதிகாரி மிகுந்த பொறுமையுடன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். மாத வருமானம் 12,000, வயது 38 என்பதால் ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய பெருக்கெண் 15, ஊனம் 10 விழுக்காடு, ஆக 2,16,000. மருத்துவச் செலவில் 1,60,000. வலி, வேதனை, போக்குவரத்து, சத்துணவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 24,000. கூட்டினால் சரியாக நான்கு இலட்சம். பெருக்கெண் சரிதான்; உச்ச நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பில் 36 முதல் 40 வயதுக்கு அதுதான். மற்ற எல்லா எண்ணிலும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் அந்தப் பத்து. மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் வலக்கைக்கு முப்பது விழுக்காடு என்று இருக்கிறது. கையின் ஊனம் முழு உடலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அவர்கள் வகுத்துவிட்டார்கள். ஆனால் சேகர் உடலை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவனா? அவன் ஆசாரி. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது. இடக்கையில் உளியைப் பிடித்து வலக்கையால் கொட்டாப்புளியை ஓங்கினால், நான்காவது அடியில் பிடி தளர்ந்து கொட்டாப்புளி சாய்கிறது. இழைப்புளியைத் தள்ளுகிறான்; ஆனால் அழுத்தம் ஒரு பக்கமே விழுவதால் பலகை மேடும் பள்ளமுமாகிறது. நிலைக்கும் கதவுக்கும் அவனைத் தேடி வந்தவர்கள் இப்போது ஸ்டூலுக்கு ஆணி அடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

இதைத்தான் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்று வக்கீல் எடுத்துக் காட்டினார். உறுப்பின் ஊனம் வேறு, முழு உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது கடைசியாகச் சொன்னதை. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் ஏறக்குறைய முழு வருமானமுமே போய்விடலாம், அரசு எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம் என்று அத்தீர்ப்பே உதாரணம் காட்டுகிறது. தச்சர் என்றே இருக்கிறது, மங்கை! படித்தபோது எனக்கு யாரோ நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதைப் போலிருந்தது. அந்த வழக்கிலேயே இறுதியில் இருபது விழுக்காடுதான் கொடுத்தார்கள் என்று அதிகாரி உடனே பதில் சொன்னார். அதுவும் உண்மைதான், ஆனால் அங்கே மனுதாரர் பாலாடைக்கட்டி விற்பவர், அடிபட்டது இடக்காலும் இடக்கையும்.

அடுத்தது வருமானம். மாதம் 18,000 என்பது மிகையில்லை. மரவாடி ரசீதுகளும், வேலை கொடுத்த இரண்டு வீட்டுக்காரர்களின் கடிதங்களும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் இருக்கின்றன. எதிர்கால வருமான உயர்வுக்கு, நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவருக்கு நாற்பது விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பு சொல்கிறது. காயமடைந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2020இல் இன்னொரு தீர்ப்பு வந்துவிட்டது. அந்தத் துண்டுத்தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. மாறாக, சேகர் ஹெல்மெட் அணியவில்லை என்பதற்காகப் பத்து விழுக்காடு கழிக்கலாமா என்று கேட்டார்கள். முறிந்தது முன்கை என்று நான் நினைவூட்டியதும் அந்தப் பேச்சைக் கைவிட்டார்கள்.

என் கணக்கைக் கேள். பேச்சுவார்த்தை என்பதால் வருமானத்தை 15,000 ஆகவே குறைத்துக்கொள்கிறேன். நாற்பது விழுக்காடு சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000, பதினைந்தால் பெருக்கினால் 37,80,000. இழப்பைக் கால் பங்கு என்று வைத்தாலும் 9,45,000. மருத்துவச் செலவு ரசீதுப்படி 2,40,000. பிசியோதெரபிக்காரர் கொடுத்த சீட்டில் பதிவெண் இல்லை என்று 80,000 ரூபாயை வெட்டியிருக்கிறார்கள். அதை விட்டுக்கொடுத்தால்கூடப் பதினோரு இலட்சத்துக்கு மேல் வருகிறது. பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை பாக்கியிருக்கிறது. இப்போது கையெழுத்திட்டுவிட்டால் அதற்குத் தனியாக ஒரு ரூபாய் கேட்க முடியாது.

வாதாடியதில் ஐந்தரை இலட்சத்துக்கு ஏறியிருக்கிறார்கள். அதோடு வட்டியும் கிடையாது. தீர்ப்பாயம் தீர்ப்பளித்தால் மனுத் தேதியிலிருந்து வட்டி உண்டு. நம் பக்கத்து வழக்குகளில் பெரும்பாலும் ஏழரை விழுக்காடு தருகிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம், அங்கே எத்தனை ஆண்டு என்பதை உன்னைவிட யார் அறிவார்? மக்கள் நீதிமன்ற உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பது அவர்கள் கையையும் கட்டுகிறது, நம் கையையும் கட்டுகிறது.

இதில் என்னை உறுத்துவது பணம் மட்டுமன்று. சேகர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். வட்டிக்கு வாங்கிய கடன் வாசலில் நிற்கிறது, மூத்தவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நீதி பேசுவது எனக்கு எளிது. காத்திருக்கப் போவது அவன். அவனுடைய களைப்பைத்தான் அந்த அதிகாரி விலை பேசுகிறார் என்பது எனக்குத் தெரிகிறது, அவனுக்கும் தெரிகிறது. தெரிந்தும் அவன் தளர்ந்திருக்கிறான். அவசரக் கடனை நான் என் வைப்புத்தொகையிலிருந்து அடைத்துவிடுகிறேன், நீ ஒன்பது இலட்சத்துக்குக் கீழே இறங்காதே என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் அக்கா என்கிறான்.

உன்னிடம் கேட்பது இரண்டுதான். இப்படி மக்கள் நீதிமன்ற அமர்வுக்கு வரும் அதிகாரிக்கு மேலிடம் எவ்வளவு வரை அனுமதி கொடுத்து அனுப்பும், அதைக் கடந்தால் அவர் அங்கேயே தொலைபேசியில் கேட்டு வாங்க முடியுமா? ஊனத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல எலும்பு மருத்துவரை அழைக்கப் போகிறோம் என்று நாம் முன்கூட்டியே சொன்னால், அது அவர்களை ஏறவைக்குமா, விறைக்கவைக்குமா? உன் பழைய விசுவாசத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு உண்மையைச் சொல். அமர்வு அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமைக்குள் உன் பதில் கிடைத்தால் வக்கீலிடம் பேச நேரமிருக்கும்.

அன்புடன்,
கல்யாணி